எண்ணெய் கசிந்த கடலில் ஆல்டிமீட்டர்: நாகை, காரைக்கால் கரைக்கு அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி இதுதான்: நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடலில் எண்ணெய் கசிந்தால், செயற்கைக்கோள் அளக்கும் கடல்மட்டமும் அலை உயரமும் எதற்கு உதவும்? எண்ணெய் எங்கே கிடக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடாதா?

தெரியாது. கடல்மட்டம் அளக்கும் ரேடாரான ஆல்டிமீட்டர், எண்ணெயைத் தேடுவதற்கான கருவியே இல்லை. எண்ணெயைப் படம் பிடிப்பது வேறு வகை ரேடார்: சென்டினல்-1, நம் இஸ்ரோவின் இஓஎஸ்-04 போன்ற செயற்கைக்கோள்கள் சாய்வாகப் பார்த்து எடுக்கும் சார் (SAR) என்ற ரேடார் படம். அது "எண்ணெய் இப்போது இங்கே" என்று காட்டும். ஆல்டிமீட்டர் சொல்வது, அந்த எண்ணெயைச் சுமக்கும் தண்ணீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது, அலை அதை எவ்வளவு கலக்குகிறது என்பதை. படம் பழசாகிக்கொண்டே போகும். அடுத்த படம் வர நாட்கள் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் எண்ணெய் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போடக் கைகொடுப்பது ஆல்டிமீட்டர்.

முதலில் அளவை. ஆல்டிமீட்டர் சுமக்கும் ஜேசன் வகை செயற்கைக்கோள் 1336 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. நேர் கீழே ஒரு ரேடார் துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ணுகிறது. போய் வர சுமார் 8.9 மில்லிவிநாடி. கடல்மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் மாறினால் அந்த நேரம் 67 பிக்கோவிநாடி மாறும். இந்த நுணுக்கத்தில் அளந்தாலும் நேரத்தை அப்படியே தூரமாக்க முடியாது. காற்றுமண்டலம் துடிப்பைத் தாமதப்படுத்துவதால் தூரம் 2.3 மீட்டர் கூடுதலாகத் தெரியும். வங்கக் கடல் போன்ற ஈரப்பதமான இடத்தில் நீராவி மட்டும் இன்னொரு 30 செ.மீ. சேர்க்கும். அயனிமண்டலம், ஏற்றவற்றம், காற்றழுத்தம் எல்லாம் தனித்தனியே கழிக்க வேண்டியவை. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். புயல் நேரத்தில் இதை மறந்தால் இல்லாத நீரோட்டம் ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும்.

பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இல்லாததால் கடல் தன்னாலேயே மேடுபள்ளமாகத்தான் இருக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, சுமார் 106 மீட்டர். நாகை கடலும் அதன் விளிம்பில்தான். கணித நீள்வட்டப் பூமியின் பரப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 90 மீட்டர் தாழ்வில் நிற்கிறது. நீரோட்டம் உண்டாக்கும் பத்து, இருபது சென்டிமீட்டர் சரிவை இந்தத் தொண்ணூறு மீட்டரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப அளந்து சராசரிக் கடல்மட்டம் ஒன்றை வைத்திருப்பதால்தான் அது சாத்தியமாகிறது.

இனி சரிவு எப்படி நீரோட்டம் ஆகிறது என்று பார்க்கலாம். பூமி சுழல்வதால் கடல்நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக ஓடுவதில்லை. சரிவின் குறுக்கே ஓடுகிறது. வட அரைக்கோளத்தில் ஓட்டத்தின் போக்கைப் பார்த்து நின்றால் மேடு வலக்கைப் பக்கம் இருக்கும். சோழமண்டலக் கரைக்கு இதைப் பொருத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோரம் கடல்மட்டம் உயர்ந்து நிற்கும், நீரோட்டம் தெற்கே ஓடும். மார்ச், ஏப்ரலில் கரையோரம் தாழ்ந்திருக்கும், நீரோட்டம் வடக்கே திரும்பிவிடும். வரைபடத்தைத் திறந்ததும் கண் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: கரைப் பக்கம் மேடா, பள்ளமா?

வேகம் கணக்கிட ஒரே சூத்திரம் போதும்: ஈர்ப்பு முடுக்கத்தை கோரியோலிஸ் எண்ணால் (அந்த அட்சரேகையில் பூமிச் சுழற்சி ஓட்டத்தை எவ்வளவு திருப்புகிறது என்ற அளவால்) வகுத்து, சரிவால் பெருக்க வேண்டும். நாகைக்கு நேரான அட்சரேகையில், அதாவது 10.8 பாகை வடக்கில், கோரியோலிஸ் எண் விநாடிக்கு 0.0000273. நூறு கி.மீ. தூரத்தில் பத்து சென்டிமீட்டர் சரிவு இருந்தால் விநாடிக்கு 36 செ.மீ., ஒரு நாளைக்கு 31 கி.மீ. இதே பத்து சென்டிமீட்டர் சரிவு மெக்சிகோ வளைகுடாவில், 27 பாகையில், விநாடிக்கு 15 செ.மீ.தான் தரும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க சிறிய சரிவும் பெரிய ஓட்டம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: பிழையும் அதே விகிதத்தில் பெருகும். நூறு கி.மீ.க்கு இரண்டு சென்டிமீட்டர் தவறினால் நம் கடலில் விநாடிக்கு 7 செ.மீ., நாளுக்கு 6 கி.மீ. தவறு. வெளிநாட்டுக் கசிவுகளுக்குச் சொல்லப்படும் துல்லியத்தை இங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

மெக்சிகோ வளைகுடாவைச் சும்மா இழுக்கவில்லை. 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து 87 நாள் எண்ணெய் கொட்டியபோது, லூப் கரண்ட் என்ற பெரிய நீரோட்டம் எண்ணெயை ஃப்ளோரிடா முனையைச் சுற்றி அட்லாண்டிக்குக்குக் கொண்டுபோய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது ஜேசன்-1, ஜேசன்-2, என்விசாட் மூன்றும் பறந்துகொண்டிருந்தன. அந்த நீரோட்டத்திலிருந்து ஒரு பெரிய சுழல் பிரிவதைக் கடல்மட்ட வரைபடங்கள் காட்டின. சுழல் பிரிந்ததும் தெற்கே போகும் பாதை அறுந்தது. பயந்த அளவுக்கு எண்ணெய் போகவில்லை. நிலத்திலிருந்து தள்ளி, பல வாரம் நீளும் கசிவில்தான் ஆல்டிமீட்டரின் முழு பலம் தெரியும்.

நம் பக்கம் அந்த மாதிரி ஆபத்து கரையோரக் குழாயைவிட, வெளியே போகும் கப்பல்களிடம்தான் அதிகம். 2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் என்ற டேங்கர் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு பாரதீப் போகும் வழியில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. சரக்கு கொட்டாமல் தப்பியது. கப்பலின் டீசல் படலம் மட்டும் பரவியது. கொட்டியிருந்தால் அது வடக்கே வருமா, நடுக்கடலுக்குப் போகுமா என்பதைக் கடல்மட்ட வரைபடத்தைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். காரைக்காலுக்கு நேர் கிழக்கே 60 கி.மீ. தூரத்தில், நவம்பர் மாதம், எண்ணெய் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று விநாடிக்கு 8 மீட்டர். படலம் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டில் நகரும், அதோடு நீரோட்டம் முழுதாகச் சேரும் என்பது இந்தத் துறையின் பழைய வாய்பாடு. காற்றின் பங்கு விநாடிக்கு 24 செ.மீ., தென்மேற்காக, பிரித்தால் மேற்கே 17, தெற்கே 17.

காற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், எண்ணெய் 60 கி.மீ. மேற்கே வர 98 மணி நேரம், அதற்குள் 60 கி.மீ. தெற்கேயும் இறங்கும். போய்ச் சேருமிடம் வேதாரண்யம். நான்கு நாள் அவகாசம், ஆட்களையும் சாமானையும் அங்கே குவிக்கலாம் என்று தோன்றும்.

இப்போது மேலே சொன்ன பத்து சென்டிமீட்டர் சரிவைச் சேருங்கள். தெற்கு நோக்கி 36 கூட, மொத்தம் தெற்கே 53, மேற்கே அதே 17. கோடியக்கரை அட்சரேகையை 37 மணி நேரத்தில் தாண்டிவிடும். அந்த நேரத்தில் மேற்கே 23 கி.மீ.தான் வந்திருக்கும், கரைக்கு இன்னும் 37 கி.மீ. பாக்கி. படலம் கோடியக்கரை முனையைத் தொடாமல் கடந்து, மேலும் ஒரு நாளில் யாழ்ப்பாணத்தின் வடகரையில், காங்கேசன்துறை சுற்றுவட்டத்தில் ஒதுங்கும். நான்கு நாள் என்றது இரண்டரை நாளாகச் சுருங்கி, ஒதுங்கும் கரையும் வேறு நாட்டுக் கரையாகிவிட்டது. நடைமுறையில் நீரோட்டம் இப்படி நேர்கோட்டில் நிற்காது. கோடியக்கரைக்குத் தெற்கே கடல் ஆழம் குறைந்து பாக் நீரிணையின் ஏற்றவற்ற ஓட்டம் கலந்துவிடும், அங்கே இந்தச் சூத்திரம் செல்லாது. ஆனாலும் எந்தப் பக்கம் எச்சரிக்கை போக வேண்டும் என்பதை அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் தீர்மானிக்கிறது.

இந்த வரைபடங்களை எடுக்கும்போது நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று. கடல்மட்டம் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற வேறுபாடு. பொதுவாக 1993 முதல் 2012 வரையான சராசரியை அடிப்படையாக வைத்தது. மற்றொன்று அந்தச் சராசரி ஓட்டத்துக்குரிய மட்டத்தையும் சேர்த்த முழு மட்டம். எண்ணெய் நகர்வுக்கு வேண்டியது இரண்டாவது. சோழமண்டலக் கரையில் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதால் சராசரியில் வடக்கும் தெற்கும் பெருமளவு கழிந்துபோகும். எனவே தவறான கோப்பை எடுத்தாலும் ஓரளவு சரியாக வந்து, தவறு கண்ணில் படாமலே போகும். அதனால்தான் இது ஆபத்து.

அதேபோல, நாள்தோறும் கட்டம் கட்டமாக வரும் வண்ண வரைபடம் உண்மையில் கட்டத்துக்குக் கட்டம் அளந்தது அல்ல. ஜேசன் தடங்கள் நிலநடுக்கோட்டருகே 315 கி.மீ. இடைவெளியில் போகின்றன, அதே தடத்துக்குத் திரும்ப சுமார் பத்து நாள். சென்டினல்-3 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்தால் இடைவெளி 52 கி.மீ., ஆனால் திரும்ப 27 நாள். நடுவில் உள்ளதெல்லாம் கணிதம் நிரப்பியது. கால் பாகைக் கட்டத்தைப் பார்த்து 25 கி.மீ. சுழல்கூடத் தெரியும் என்று நினைக்காதீர்கள்; நூறு கி.மீ.க்கு மேற்பட்டவற்றைத்தான் நம்பலாம். எப்போதும் வரைபடத்தின் மேல் கடந்த பத்து நாள் தடங்களைக் கோடாக வரைந்து பாருங்கள். கசிவு நடந்த இடத்தின் மேல் எந்தத் தடமும் ஓடவில்லை என்றால் அந்த நிறம் வெறும் ஊகம். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் இதை மாற்றுகிறது. அது கோடாக அல்லாமல் 120 கி.மீ. அகலப் பட்டையாக அளக்கிறது, நடுவே 20 கி.மீ. இடைவெளி விட்டு. திரும்பி வர 21 நாள் ஆகும் என்பதுதான் குறை.

அலை உயரத்துக்கு வருவோம். துடிப்பு முதலில் அலையின் முகட்டில் படும், பிறகு பள்ளத்தில். அலை பெரிதாக இருந்தால் திரும்பும் ரேடார் எதிரொலியின் ஏறுமுகம், அதாவது அதன் வலிமை கூடும் பகுதி, சாய்வாக நீளும். கடல் அமைதியாக இருந்தால் செங்குத்தாக எழும். அந்தச் சாய்விலிருந்து எடுப்பதுதான் அலை உயரம். அது பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. 2 மீட்டர் என்று வந்தால் அதே இடத்தில் தனி அலை ஒன்று 4 மீட்டரை நெருங்கலாம். ஃபைபர் படகில் எண்ணெய் அள்ளப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுக்கக் கூடாது.

சின்ன அலையில் இந்த முறை தடுமாறும். ஜேசன் திரும்பும் எதிரொலியை 3.125 நானோவிநாடித் துண்டுகளாகப் பார்க்கிறது. ஒரு துண்டு என்பது உயரத்தில் 47 செ.மீ. பாக் விரிகுடாவில் அலை 40 செ.மீ. என்றால் அது ஒரு துண்டுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய சரல் செயற்கைக்கோளின் ஆல்டிகா கருவியில் துண்டு 30 செ.மீ.தான், கொஞ்சம் மேல். ஆனால் அது பயன்படுத்தும் 35.75 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மழை தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலில் மழைக்குக் கேட்கவா வேண்டும்?

அலை உயரம் எதற்கு என்றால், முதலில் எண்ணெயை வளைத்துப் பிடிக்கக் கடலில் கட்டும் மிதவைத் தடுப்புக்கு. தடுப்புக்குச் செங்குத்தாக நீரோட்டம் விநாடிக்கு 35 செ.மீ.யைத் தாண்டினால் எண்ணெய், தடுப்பிலிருந்து நீருக்குள் தொங்கும் பாவாடைக்கு அடியில் நழுவிப் போகும். கணக்கில் நாம் கண்ட 36-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்: அந்த ஓட்டத்தில் தடுப்பைக் குறுக்கே கட்டினால் வீண், சாய்வாகத்தான் கட்ட வேண்டும். அலை ஒரு மீட்டரைத் தாண்டினால் சாதாரணத் தடுப்பின் மேலேயும் வழியும், அள்ளும் கருவியும் தண்ணீரைத்தான் உறிஞ்சும். இரண்டாவது, அலை உடைந்தால் எண்ணெயும் தண்ணீரும் கடைந்தாற்போல் கலந்து பழுப்புக் குழம்பாகும். அதில் தண்ணீர் 60 முதல் 80 விழுக்காடு வரை ஏறும், அளவு இரண்டரை முதல் ஐந்து மடங்கு வரை பெருகும். கொட்டியது நூறு டன் என்றாலும் அள்ள வேண்டியது ஐந்நூறு டன்னாக இருக்கலாம். அலைக் கணிப்பைப் பார்த்துத்தான் சேமிப்புத் தொட்டி எத்தனை வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெய் பரவிய இடத்தில் அலை அடங்கும் என்பது கடலோடிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடங்குவது எந்த அலை என்பதில்தான் குழப்பம். சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகள் அடங்கும். நூறு மீட்டர் நீளமுள்ள பெரிய அலை அப்படியேதான் வரும். 1950களில் காக்ஸ், முங்க் என்ற இருவர் ஹவாய் அருகே பழைய இன்ஜின் ஆயில், டீசல், மீன் எண்ணெய் கலந்து கடலில் ஊற்றி, சூரியப் பளபளப்பைப் படமெடுத்து, கடல்பரப்பின் சரிவுகள் இரண்டு மூன்று மடங்கு குறைவதை அளந்தே காட்டினார்கள். (இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.) சார் ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் சிற்றலை இல்லாத இடம் கறுப்பாகத் தெரிகிறது. ஆல்டிமீட்டர் நேர் மேலிருந்து பார்ப்பதால் அதே இடம் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று தெரியும். ஒன்றுக்கொன்று நேரெதிர்.

இதனால் வரும் கோளாறு இரண்டு. காற்றின் வேகத்தை ஆல்டிமீட்டர் இந்தப் பளபளப்பிலிருந்துதான் கணிக்கிறது. எண்ணெய் மேல் அது உண்மையைவிடக் குறைவான காற்றைச் சொல்லும். அடுத்தது, ரேடாரின் காலடி, அதாவது துடிப்பு கடலில் படும் வட்டம், கடல்நிலையைப் பொறுத்து 2 முதல் 10 கி.மீ. வரை விரியும். அதற்குள் ஒரு ஓரத்தில் மட்டும் படலம் இருந்தால், திரும்பும் எதிரொலியின் வாலில் ஒரு கூர்முனை எழும். வழக்கமான வடிவத்தைப் பொருத்தும் மென்பொருள் அதில் ஏமாந்து, அலை உயரத்தையும் கடல்மட்டத்தையும் தப்பாகத் தரும். படலத்தின் நடுவே அலை திடீரென்று எகிறினாலோ விழுந்தாலோ, கடல் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்சிதறல் (கடலில் பட்டுத் திரும்பும் துடிப்பின் வலிமை) 10 முதல் 14 டெசிபெல் என்று வழக்கமாக இருப்பது 16-ஐத் தாண்டுகிறதா, நொடிக்கு இருபது அளவுகளின் சிதறல் 20 செ.மீ.யை மீறுகிறதா என்று பாருங்கள். மீறினால் அந்தப் புள்ளிகளைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பளிச்சென்ற புள்ளி எண்ணெய்க்குச் சான்றும் அல்ல. காற்றே இல்லாத காலைக் கடலும் அப்படித்தான் தெரியும்.

கரையோரத்தில் இதே கண்ணாடிச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். டெல்டா கரையைக் கடக்கும் தடத்தில் எதிரொலி வடிவங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வேதாரண்யம் உப்பளம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் அசைவில்லாத தண்ணீர், நடவுக்கு நீர் கட்டிய வயல் எல்லாமே கண்ணாடிதான். செயற்கைக்கோள் இன்னும் கடல் மேல் இருக்கும்போதே உப்பளத்தின் எதிரொலி வாலில் வளைகோடாகத் தோன்றி, நெருங்க நெருங்க முன்னேறி, கடலின் ஏறுமுகத்தையே மூடிவிடும். ஆகவே பழைய வகைத் தரவில் கடைசி 10–15 கி.மீ.யை நம்பாதீர்கள். நீராவியை அளக்கும் மைக்ரோவேவ் கருவிக்குக் காலடி இன்னும் அகலம், 30 கி.மீ.க்கு அப்பாலேயே நிலத்தின் சூடு கலந்துவிடும், அங்கே வானிலை மாதிரியின் நீராவித் திருத்தத்தைப் போட வேண்டும். சென்டினல்-3 தடத்தின் நெடுக்கே 300 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பதால் கரைக்கு இன்னும் சில கி.மீ. நெருங்க முடியும், அதுவும் தடம் கரையைக் குறுக்காக வெட்டினால்தான்.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரி கரையோரம் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்ததே, அதற்கு ஆல்டிமீட்டரால் ஒரு பயனும் இல்லை. கசிவு அலை உடையும் இடத்திலேயே. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோதும் எண்ணெய் கரையை ஒட்டியே தெற்கே வந்தது. இந்த மாதிரிக் கசிவுக்குக் கரையிலிருந்து காற்றையும் ஓட்டத்தையும் கண்ணால் பார்ப்பதும், மிதவை ஒன்றைப் போட்டு ஜிபிஎஸ்ஸில் தொடர்வதும்தான் வழி. அப்படிப் போடும் மிதவை தண்ணீருக்கு மேல் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, காற்று அதைத் தனியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS), எண்ணெய்ப் படலம் எங்கே போகும் என்ற கணிப்பை இணையத்திலேயே தருகிறது. கசிவு இடம், நேரம், எண்ணெய் வகை, அளவு கொடுத்தால் போதும். முதலில் அதை எடுங்கள், மேலே போட்ட கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். திசையே மாறினால் எது தப்பு என்று தேடுங்கள். தேடும்போது நேரத்திலிருந்து தொடங்குவது நல்லது. செயற்கைக்கோள் கோப்புகள் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கசிவுச் செய்தி இந்திய நேரத்தில் வரும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், விநாடிக்கு 56 செ.மீ. நகரும் படலம் 11 கி.மீ. தள்ளிப்போய் நிற்கும். நாகூரிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.